போகவும் வரவும்

மாநிழல் எனக்கு வருமானம்.
அதனால் வெயில் குடிசைக்குத் தள்ளியே கிடக்கிறது,
பாறைமேல், ஓணான்களோடு.
எவ்வளவு தள்ளி?
மாடு கட்டும் கயிறுகளை முடிச்சுப் போட்டு
நீட்டி அளந்தேன்: இருபத்தைந்து மீட்டர்.

குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றுப் பாலம் தாண்டி
வாஜித் கடை.
இருபத்தைந்து மீட்டர் ஒயர் என்றேன்.
"போறதுக்கு ஆச்சு. வர்றதுக்கு இன்னாம்மா?"
கரண்டும் சைனகுண்டா கடைசி பஸ் மாதிரியாம்.
திரும்ப வழியில்லை என்றால்
கிளம்பவே கிளம்பாதாம்.
ஐம்பது என்று எழுதிக்கொண்டார்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் மீதிக் கணக்கு.
நூறு வாட் பேனல் இரண்டு.
பக்கம் பக்கமாக இணைத்தால்
பதினெட்டு வோல்ட், பதினோரு ஆம்பியர்.
நாலு சதுர மில்லிமீட்டர் செம்பில்
பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள்
இரண்டரை வோல்ட் வழியில் போய்விடும்.
சித்திரையில் பேனல் கொதித்தால்
பதினெட்டே பதினைந்தரைதான்.
மிச்சம் பதின்மூன்று.
பேட்டரி நிறையக் கேட்பது பதினாலுக்கு மேல்.
தெருமுனை வரை வந்து
ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பும் தண்ணீர் லாரி.

வெயில் ஏற ஏற கரண்டும் ஏறும் என்று
இத்தனை நாள் இருந்துவிட்டேன்.
வேலூர் ஜில்லாவில் பிறந்தவளுக்கு
வெயிலே காலை வாரும் என்று
யார் சொல்வார்கள்?

பத்து மில்லி ஒயர் இருக்கிறது,
சாரைப்பாம்பு மொத்தம்.
விலை கேட்டேன், சுருளை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
இல்லையென்றால்
பேனல்களை ஒன்றன் வாலை ஒன்று பிடிக்கவிட வேண்டும்.
வோல்ட் இரண்டு மடங்கு, ஆம்பியர் அப்படியே,
நாலு மில்லியே தாங்கும்.
ஆனால் சாதாரண கன்ட்ரோலர்
கூடுதல் வோல்ட்டை வீணாக்கிவிடும்.
எம்.பி.பி.டி. என்றால்
அதை ஆம்பியராக மாற்றிக் கையில் கொடுக்கும்.

"எங்க ஊட்ல எண்ணூறு ரூபா பொட்டிதான் ஓடுது"
என்று ஏகாம்பரம் போனில்.
கொழுந்தன் சொன்னது பொய்யில்லை.
அவன் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில்
ஒரு கூரை ஓடுதான்.

மேசைமேல் இரண்டு பெட்டி.
ஒன்று எண்ணூற்றைம்பது, ஒன்று நாலாயிரத்து இருநூறு.
இரண்டின் நெற்றியிலும் அதே எம்.பி.பி.டி.
எது நிஜம் என்றேன்.
வாஜித் டீ சொல்லப் போய்விட்டார்.

பதினாறு வருஷம்
பெங்களூரா மாங்காயைக் கையில் ஏந்தியே
முற்றல் சொல்கிறவள் நான்.
தூக்கிப் பார்த்தேன்.
ஒன்று காற்றுக்கு உதிர்ந்த பிஞ்சு.
மற்றதில் கொட்டை இருந்தது.

"செப்புச் சுருள்மா அது," என்றார் வந்து.
"அது இல்லாம மாத்தவே முடியாது."
அப்போது இந்தப் பெட்டி?
"ஸ்டிக்கர்ல மட்டும்தான் மாத்தும்."
அவரே விற்கிறார், அவரே சிரிக்கிறார்.
டீ ஆறிப்போயிருந்தது.

முதலில் பேட்டரியை மாட்டு, அப்புறம் பேனலை,
கழற்றும்போது தலைகீழ்:
அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன்.
ஃபியூஸை எழுத அவரும் மறந்தார், நானும்.
இருபது ரூபாய்ச் சாமானுக்கு மறுபடி பஸ்.
மகளிருக்கு டிக்கெட் இல்லை,
அதை எந்தக் கணக்கில் எழுத?

பாறையில் துளை போட்டவன்
மத்தியானத்துக்குமேல் ஆகாது என்று ஓடிவிட்டான்.
கடைசி நட்டை நான்தான் முடுக்கினேன்,
முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு.

இப்போது இரண்டு பல்பு, ஒரு விசிறி,
கூடை எண்ணும்போது பாட ஒரு ரேடியோ.
சின்னக் கண்ணாடியில் எண் ஓடுகிறது.
பதினொரு மணிக்குப் பதின்மூன்றரை.
ஒரு மணிக்குப் பதினாலு புள்ளி ஒன்று.
மூன்று மணிக்கு ஓணான் வந்து பேனல்மேல் படுத்தது.
எண் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க ஓடினேன்.
குறையவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை.

ஆறரைக்குப் பேனல் சுழி காட்டுகிறது.
பாறையில் கை வைத்தால்
இன்னும் சுடுகிறது.
இதற்கு எத்தனை மில்லி ஒயர் என்று
வாஜித்தைக் கேட்க வேண்டும்.